மேனுவல் கியர் காரில் கியர் ஆயிலை வீட்டிலேயே மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இரண்டே போல்ட்தான். ஒன்றைக் கழற்றினால் பழைய ஆயில் இறங்கும், அது டிரெயின் போல்ட். இன்னொன்றின் வழியாகப் புது ஆயில் ஏறும், அது ஃபில்லர் போல்ட். ஃபில்டர் கிடையாது, கேஸ்கெட் கிடையாது. இன்ஜின் ஆயில் மாற்றப் பழகியவர்கள் இதைவிடச் சுலபம் என்று நினைத்து இறங்குகிறார்கள். பாதி வேலையில் கியர் பாக்ஸ் காலியாகிக் கிடக்க, கார் அசைய முடியாமல் நிற்க, மெக்கானிக்குக்குப் போன் போடுகிறார்கள். இப்படிச் சிக்கியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் கைத்திறன் போதாமல் சிக்கியவர்கள் அல்ல, வரிசை மாற்றிச் செய்ததால் சிக்கியவர்கள். அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைக்கே முதலிடம்.

இங்கே சொல்வது ஸ்விஃப்ட், வேகன்ஆர், ஐ10, டியாகோ போன்ற முன்சக்கர இயக்கமுள்ள சிறிய மேனுவல் கார்களுக்கு. ஆட்டோமேட்டிக், சிவிடி, டூயல் கிளட்ச் வண்டிக்காரர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம். ஏஎம்டி (கிளட்ச் மிதி இல்லாமல் தானாகவே கியர் மாறும்) வண்டிகளில் உள்ளே இருப்பது மேனுவல் பெட்டிதான் என்றாலும், கியர் போடும் இயந்திரத்துக்கென்று தனி ஹைட்ராலிக் ஆயில் இருக்கிறது. அந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளும் ஆபத்து இருப்பதால் அதையும் விட்டுவிடுங்கள்.

1. ஆயில்தான் காரணமா என்று முதலில் பாருங்கள்

கியர் விழ மறுக்கிறது என்பதற்காக ஆயில் மாற்ற வருகிறவர்களில் பலருக்குக் கோளாறு கிளட்ச்சில் இருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை. இன்ஜினை அணைத்துவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, கிளட்ச்சை முழுக்க மிதித்து அதையே செய்யுங்கள். அணைத்திருக்கும்போது வழுக்கிக்கொண்டு விழும் கியர், ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தாலோ, ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று அரைத்தாலோ கிளட்ச் சரியாக விடுபடவில்லை என்று பொருள். கேபிளையோ கிளட்ச் ஃப்ளூயிடையோ பார்க்க வேண்டும். கியர் ஆயில் மாற்றி அது சரியாகாது.

கார் ஓடும்போது ஒரு குறிப்பிட்ட கியரில், பெரும்பாலும் இரண்டாவதில், அவசரமாகப் போட்டால் மட்டும் கிர்ரென்று சத்தம் வந்தால் அது சின்க்ரோ, அதாவது கியர் மாறும்போது வேகத்தைச் சமமாக்கும் வளையம். பழைய ஆயிலோ தவறான ஆயிலோ காரணமாக இருக்க வாய்ப்பு உண்டு. வளையம் தேய்ந்துபோயிருந்தால் புது ஆயில் கொஞ்சம் மழுப்பும், குணமாக்காது.

வெள்ளத்தில் நின்ற கார் என்றால் சோதனையே வேண்டாம், மாற்றிவிடுங்கள். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய கார்களில் இன்ஜினைப் பார்த்தவர்கள் பலர் கியர் பாக்ஸை மறந்தார்கள். பெட்டியின் மேலே மூச்சுவிட ஒரு சிறு துவாரம் உண்டு, பிரீதர் என்பார்கள். சூடான பெட்டி திடீரென்று குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும். அப்போது அந்தத் துவாரம் வழியாகவே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

2. கையேட்டில் நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஆயிலின் வகை, தடிமன் எண், கொள்ளளவு, போல்ட்டை இறுக்கும் அளவு. முதல் மூன்றும் உரிமையாளர் கையேட்டிலேயே பெரும்பாலும் இருக்கும். நான்காவது சர்வீஸ் கையேட்டில் இருக்கும். எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதும் உங்கள் வண்டிக்கான பராமரிப்பு அட்டவணையில் உள்ளதுதான். பக்கத்து வீட்டுக்காரர் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

வாரண்டி இன்னும் இருக்கிறதா? அப்படியானால் இந்த வேலையைச் சர்வீஸ் சென்டரிலேயே செய்துகொள்ளுங்கள். மிச்சமாகும் பணம் பெரிதல்ல.

3. சரியான ஆயிலை வாங்குங்கள்

அதிகத் தவறு நடக்கும் இடம் இதுதான். கடையில் போய் "கியர் ஆயில் கொடுங்க" என்றால் "90-ஆ, 140-ஆ?" என்று கேட்பார்கள். லாரி, டிராக்டர் காலத்துப் பழக்கம். நீங்கள் "90" என்று சொன்னால் ஒற்றைத் தடிமனுள்ள கெட்டியான ஆயிலைக் கொடுத்துவிட வாய்ப்பு அதிகம். இன்றைய சிறிய கார்கள் பலவும் கேட்பது 75டபிள்யூ-80, 75டபிள்யூ-85 போன்ற மெல்லிய ஆயிலை. கெட்டியானதை ஊற்றினால் காலையில் வண்டி எடுத்ததும் முதல் சில கிலோமீட்டருக்கு இரண்டாவது கியர் கல் மாதிரி நிற்கும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் கேட்கவே வேண்டாம்.

இந்த எண்களை இன்ஜின் ஆயிலின் எண்களோடு ஒப்பிடாதீர்கள். இரண்டுக்கும் அளவுகோல் வேறு. கியர் ஆயிலில் 90 என்பது, சூடான நிலையில், இன்ஜின் ஆயிலின் 40-க்கு ஏறக்குறையச் சமம். 90 என்றால் தார் மாதிரி இருக்கும் என்று பயப்படவும் வேண்டாம், இன்ஜின் ஆயிலில் 50 இருக்கிறதே அதைவிட இது கெட்டி என்று கணக்குப் போடவும் வேண்டாம்.

அடுத்தது டப்பாவில் போட்டிருக்கும் ஆயில் வகை: ஜிஎல்-4, ஜிஎல்-5. எண் பெரிதாக இருப்பதால் ஜிஎல்-5 உயர்ந்தது என்று நினைத்துக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறவர்கள் உண்டு. உங்கள் கையேடு ஜிஎல்-4 என்று சொன்னால் ஜிஎல்-5 மேம்பட்ட மாற்று ஆகாது. அது வேறு வேலைக்கான ஆயில். அழுத்தம் தாங்குவதற்கான கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் ஜிஎல்-5-இல் அதிகம். பித்தளை போன்ற மஞ்சள் உலோகங்களை இவற்றில் சில காலப்போக்கில் அரிக்கும். சின்க்ரோ வளையங்கள் பெரும்பாலும் பித்தளை. இன்னொரு காரணமும் இருக்கிறது. கியர் மாறும்போது அந்த வளையம் கூம்பைக் கவ்விப் பிடித்து வேகத்தைச் சமமாக்க வேண்டும். கவ்வுவதற்கு உராய்வு வேண்டும். அளவுக்கு மீறி வழுக்கும் ஆயிலில் வளையம் கவ்வாமல் சறுக்கும், கியர் அரைக்கும்.

ஆம்னி, ஈகோ, பொலேரோ மாதிரிப் பின்சக்கர இயக்க வண்டிகளில் கியர் பாக்ஸ் தனி, பின்னால் இருக்கும் கிரவுன் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் பெட்டி) தனி. கிரவுனில் இருப்பது ஹைப்பாய்டு பற்கள். ஒன்றோடொன்று கடுமையாக உரசிச் சறுக்கும் அந்தப் பற்களுக்குத்தான் ஜிஎல்-5 தேவை. அந்த வண்டிக்காரர்கள் இரண்டு டப்பாவையும் பெயர் எழுதித் தனித்தனியாக வையுங்கள். முன்சக்கர இயக்கக் காரில் கியரும் டிஃபரன்ஷியலும் ஒரே பெட்டிக்குள், ஒரே ஆயிலில் ஓடுகின்றன. அங்கே டிஃபரன்ஷியல் பற்கள் சாதாரணச் சாய்வுப் பற்கள்தான், ஜிஎல்-4 போதும்.

ஹோண்டா தன் கார்களுக்கு எம்டிஎஃப் என்று தனி ஆயிலையே சொல்கிறது. அதில் 75டபிள்யூ-90 ஊற்றும் வேலையே வேண்டாம். சில கியர் பாக்ஸ்களுக்கு ஆட்டோமேட்டிக் பெட்டிக்கான ஏடிஎஃப் ஆயிலையே தயாரிப்பாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே எல்லா மேனுவல் காருக்கும் பொதுவான ஆயில் என்று ஒன்று கிடையாது.

சிறிய கார்களுக்கு 2 லிட்டரைச் சுற்றித்தான் பிடிக்கும். கையேடு 2.2 லிட்டர் என்றால் 3 லிட்டராக வாங்குங்கள். ஊற்றும்போது கொஞ்சம் சிந்தும். பாதியில் தீர்ந்தால் போய் வாங்கி வர வண்டி இருக்காது. டிரம்மிலிருந்து அளந்து தரும் லூஸ் ஆயில் வேண்டாம். சீல் உள்ள டப்பாவாகப் பார்த்து, முடிந்தால் டீலரின் ஸ்பேர் கவுன்ட்டரிலேயே வாங்குங்கள்.

4. சாமான்களை முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள்

இரண்டு போல்ட்டுக்கும் பொருந்தும் கருவி முதலில். வெளியே ஆறு பட்டை உள்ள போல்ட்டுக்கு ஆறு முனை சாக்கெட் வாங்குங்கள், பன்னிரண்டு முனை வேண்டாம். இறுகிய போல்ட்டில் பன்னிரண்டு முனை சாக்கெட் மூலைகளை மழுக்கிவிடும். சிலவற்றில் உள்ளே ஆலன் கீக்கான குழி இருக்கும். சிலவற்றில் சதுரக் குழி. ஹோண்டா வண்டிகளில் பார்க்கும் அந்தச் சதுரக் குழிக்குத் தனிக் கருவி எதையும் தேட வேண்டாம், 3/8 அங்குல ராட்செட்டின் முனையே அப்படியே பொருந்தும். அட்ஜஸ்டபிள் ஸ்பேனரைப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.

புது வாசர் இரண்டு. அலுமினிய வாசர் ஒருமுறை நசுங்கித்தான் அடைப்பைத் தருகிறது, அதனால் பழையதைத் திரும்பப் போடக்கூடாது. சில வண்டிகளில் வாசரே இருக்காது, மரையில் சீலன்ட் தடவச் சொல்லியிருப்பார்கள். உங்களுடையது எது என்று ஸ்பேர் கவுன்ட்டரில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

ஆயில் ஊற்ற ஒரு புனலும் ஒன்றரை மீட்டர் டியூபும். கொத்தனார்கள் வாட்டர் லெவல் பார்க்கும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டியூப் இதற்கு அருமை. ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும், உள்ளே ஆயில் ஓடுவதும் தெரியும். ஃபில்லர் துவாரத்தைவிட டியூப் மெலிதாக இருக்க வேண்டும். இறுக்கமாகச் செருகினால் உள்ளிருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் ஆயில் நின்றுவிடும்.

இவற்றோடு 4 லிட்டராவது பிடிக்கும் வாயகன்ற தட்டு, வயர் பிரஷ், டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்), கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, பனியன் வேஸ்ட், அளவு கோடு போட்ட பழைய தண்ணீர் பாட்டில். பனியன் வேஸ்ட்டில் நூல் உதிரும். வெளியே துடைக்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். துவாரத்தின் வாயைத் துடைக்க நூல் உதிராத துணி வேண்டும்.

5. இடமும் தூக்குதலும்

காரோடு வரும் கத்தரி ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும். அதை நம்பிக் காருக்கு அடியில் தலையை விடாதீர்கள். டிராலி ஜாக்கியால் தூக்கி, ஜாக்கி ஸ்டாண்டில் இறக்கி நிறுத்திய பிறகே உள்ளே போக வேண்டும். ஹாலோ பிளாக்கும் செங்கல்லும் அடுக்கிக் காரை நிறுத்துகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஹாலோ பிளாக் எந்த அறிகுறியும் காட்டாமல் ஒரே நொடியில் நொறுங்கும். விரிசல் விடும்போது விலகிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம்.

தரை சிமென்ட்டாகவோ கெட்டியான கல்லாகவோ இருக்க வேண்டும். மண் தரையில் ஸ்டாண்டின் கால் புதையும். வெயிலில் இளகிய தார்ச்சாலையும் அப்படித்தான். முன்பக்கம் தூக்குவதற்கு முன் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுங்கள். ஸ்டாண்டில் இறக்கிய பின் காரை இடுப்பால் ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். ஆடினால் திரும்பத் தூக்கிச் சரிசெய்யுங்கள். ஆடுவதென்றால் நீங்கள் வெளியே நிற்கும்போதே ஆடட்டும்.

இங்கே ஒரு சிக்கல் வரும். ஆயிலின் மட்டத்தைச் சொல்வது ஃபில்லர் துவாரத்தின் கீழ் விளிம்பு. முன்பக்கம் மட்டும் தூக்கியிருந்தால் பெட்டி சாய்ந்திருக்கும், துவாரம் பொய் சொல்லும். எனவே நான்கு ஸ்டாண்ட் வைத்து நான்கு பக்கமும் ஒரே உயரத்தில் நிறுத்தலாம். அல்லது முன்பக்கம் மட்டும் தூக்கி வடித்து, டிரெயின் போல்ட்டை மூடி, காரைத் தரையில் இறக்கிய பின் மேலிருந்து டியூப் வழியாக ஊற்றலாம். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்தால் பல கார்களில் சக்கர இடுக்கு வழியாகவே ஃபில்லர் போல்ட்டுக்குக் கை போகும். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். நான்கு ஸ்டாண்டில் கார் நிற்கும்போது நிம்மதி இல்லை.

அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் இடமில்லையென்றால் வாட்டர் சர்வீஸ் செய்யும் இடத்தில் பள்ளமோ ராம்ப்போ சும்மா இருக்கும் நேரத்துக்குக் கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் பணம் வாங்கிக்கொண்டு விடுகிறவர்கள் உண்டு.

6. கியர் பாக்ஸை அடையாளம் காணுங்கள்

காருக்கு அடியில் முதன்முறை படுக்கிறவருக்கு எல்லாம் ஒரே கரிய அலுமினியமாகத்தான் தெரியும். அந்தக் குழப்பத்தில் இன்ஜின் ஆயிலை வடித்துவிட்டு, கியர் பாக்ஸில் ஏற்கெனவே நிறைந்திருக்கும் ஆயிலின் மேல் இன்னும் 2 லிட்டர் ஊற்றப் பார்ப்பார்கள். பிறகு ஆயில் இல்லாத இன்ஜினை ஸ்டார்ட் செய்வார்கள். இந்த வேலையில் அதிகச் செலவு வைக்கும் தவறு இதுதான்.

தப்பாத அடையாளம் ஒன்று உண்டு. இரண்டு முன்சக்கரங்களிலிருந்தும் வரும் டிரைவ் ஷாஃப்ட்டுகள் எந்தப் பெட்டிக்குள் நுழைகின்றனவோ அதுதான் கியர் பாக்ஸ். அதன் அடிப்பகுதியில் இருப்பது டிரெயின் போல்ட். பக்கவாட்டில், கொஞ்சம் மேலே இருப்பது ஃபில்லர் போல்ட். ஆயில் ஃபில்டர் திருகியிருக்கும் பக்கம் இன்ஜின். பெட்டியில் வேறு போல்ட்டுகளும் இருக்கும், கியர் தண்டுகளைப் பூட்டி வைப்பவை. சந்தேகத்தோடு எதையும் திருகாதீர்கள். உங்கள் மாடலுக்கான படத்தைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். சில மாடல்களில் தனி ஃபில்லர் போல்ட்டே இருக்காது, ரிவர்ஸ் லைட் சுவிட்ச் போன்ற ஒன்றைக் கழற்றி அந்தத் துவாரத்தில் ஊற்றும்படி வைத்திருப்பார்கள்.

7. ஃபில்லர் போல்ட்டை முதலில் தளர்த்துங்கள்

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: புது ஆயில் போகும் வழி திறக்கிறது என்று தெரியாமல் பழைய ஆயிலை வெளியே விடாதீர்கள்.

ஃபில்லர் போல்ட் பல வருடங்களாகத் திறக்கப்படாமல் துருவும் சேறும் ஏறி இறுகியிருக்கும். டிரெயின் போல்ட் சுலபமாகத் திறந்து ஆயில் முழுக்க இறங்கிய பிறகு ஃபில்லர் அசையவில்லை என்றால் உங்கள் கையில் இருப்பது ஓட்ட முடியாத கார். டோ வண்டிதான் வர வேண்டும்.

ஆயில் வாங்குவதற்கு முன்பே, ஒரு ஓய்வான நாளில், இதைக் கால் சுற்று தளர்த்தி உடனே மூடிப் பாருங்கள். அசைந்தால் ஆயில் வாங்கலாம். அசையாவிட்டால் சுற்றி வயர் பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து இரவு முழுக்க விடுங்கள். மறுநாள் தளர்த்தும் திசையில் இழுப்பதற்கு முன் இறுக்கும் திசையில் இம்மியளவு தட்டுங்கள். துருவின் பிடி அப்போது உடையும். பிறகு நீளமான கைப்பிடியால், உலுக்காமல், ஒரே சீராக இழுங்கள். சாக்கெட் போல்ட்டில் முழுக்க உட்கார்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். மூலை மழுங்கத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போங்கள். ஆயில் இன்னும் உள்ளே இருப்பதால்தான் ஓட்டிப்போக முடிகிறது.

முழுக்கக் கழற்றுவதற்கு முன் போல்ட்டைச் சுற்றியுள்ள மண்ணைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் அத்தனையும் உள்ளே விழும். இன்ஜினில் விழும் தூசியைப் பிடிக்க ஃபில்டர் இருக்கிறது. இங்கே எதுவும் இல்லை, விழுந்த மண் அடுத்த ஆயில் மாற்றம் வரை பேரிங்குகளுக்குள்தான் சுற்றும்.

8. சூடாக்கி வடியுங்கள்

வடிக்கும் நாளன்று ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். நின்ற இடத்தில் இன்ஜினை ஓடவிட்டால் கியர் ஆயில் சரியாகச் சூடாகாது. பற்கள் சுமையோடு சுழன்று ஆயிலைக் கடைய வேண்டும். சூடான ஆயில் மெலிந்து ஓடும், அடியில் தங்கிய துகள்களையும் இழுத்துக்கொண்டு வரும். வந்தவுடனே கை வைக்க வேண்டாம். தூக்கி நிறுத்தி முடிக்கும் நேரத்தில் ஆயில் வெதுவெதுப்பாகியிருக்கும், அதுவே போதும். சைலன்சர் குழாய் மட்டும் அதைவிட நேரம் சூடாக இருக்கும், முழங்கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடியில் பிளாஸ்டிக் கவர் இருந்தால் கழற்றி, கிளிப்புகளை ஒரு டப்பாவில் போடுங்கள். ஃபில்லர் போல்ட்டைக் கழற்றி எடுங்கள். மேலே காற்று புக வழி இருந்தால் ஆயில் விக்கி விக்கி வராமல் ஒரே சீராக இறங்கும். பிறகு டிரெயின் போல்ட். கடைசி மரைகளில் போல்ட்டை உள்நோக்கி அழுத்தியபடியே சுற்றி, விடுபட்டதும் சட்டென்று இழுத்துவிடுங்கள். ஆயில் முதலில் நேராகக் கீழே விழாது, ஒரு சாண் தள்ளிப் பாயும். தட்டை அதற்கேற்ப வையுங்கள்.

பதினைந்து, இருபது நிமிடம் விடுங்கள். தாரை நின்று சொட்டாகி, சொட்டுக்கும் சொட்டுக்கும் இடைவெளி நீளும் வரை.

இந்த நேரத்தில் கார்ச் சாவியைப் புது ஆயில் டப்பாவின் மூடிமேல் வைத்துவிடுவது என் வழக்கம். வீட்டில் யாராவது வண்டியை நகர்த்த வந்தால் சாவியைத் தேடி இங்கேதான் வர வேண்டும்.

9. வடிந்ததைப் படியுங்கள்

பல டிரெயின் போல்ட்டுகளின் முனையில் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில், திருநீறு குழைத்தது போல ஒரு களிம்பு ஒட்டியிருப்பது இயல்பு. விரலில் தேய்த்தால் நெருடாது. பல் உடைந்த துண்டு, ஊசி மாதிரிச் சீவல், விரலில் குத்தும் துணுக்கு என்று ஏதாவது இருந்தால் அது ஆயில் மாற்றத்தோடு தீரும் விஷயம் அல்ல. துண்டைப் பத்திரமாக எடுத்து வைத்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

வெளிச்சத்தில் பார்த்தால் ஆயிலில் பொன் நிறத் துகள் மின்னும். சின்க்ரோவின் பித்தளை. லேசாக மின்னினால் வயதான பெட்டிக்குச் சகஜம். ஆயில் பால் கலந்த டீயாக இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. அப்போது புது ஆயில் ஊற்றிச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி வடித்து மாற்றுங்கள். ஒருமுறை வடிப்பதில் தண்ணீர் முழுக்க வெளியேறாது.

மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவலாமா என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். கூடாது. மூலைமுடுக்குகளில் தேங்கும் மண்ணெண்ணெய் வெளியே வராது, புது ஆயிலைத்தான் நீர்க்கச் செய்யும். நாற்றத்தைப் பார்த்து ஆயில் கருகிவிட்டது என்றும் முடிவு கட்டாதீர்கள். கந்தகம் கலந்த ஆயில், புதிதாக இருக்கும்போதே அப்படித்தான் நாறும்.

வடிந்ததைப் பாட்டிலில் ஊற்றி அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கையேடு சொல்வதைவிட அரை லிட்டர் குறைந்தால் எங்கோ கசிகிறது. டிரைவ் ஷாஃப்ட் நுழையும் இடத்திலுள்ள ஆயில் சீலை முதலில் சந்தேகப்படுங்கள்.

10. டிரெயின் போல்ட்டை மூடுங்கள்

காந்தத்தைத் துடைத்து, மரையைத் துடைத்து, புது வாசரோடு கையாலேயே திருகுங்கள். இரண்டு மூன்று சுற்றாவது விரலால் போக வேண்டும். முதல் மரையிலேயே ஸ்பேனர் தேவைப்படுகிறது என்றால் போல்ட் கோணலாக ஏறுகிறது, வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள். பெட்டி அலுமினியம், போல்ட் இரும்பு. மரை போனால் போவது பெட்டியின் மரை.

கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்ச்சில், கையேடு சொல்லும் அளவுக்கு மட்டும். பலசாலிகள்தான் இங்கே அதிகம் நஷ்டப்படுகிறார்கள். வாசர் நசுங்கினால் அடைப்பு வந்துவிடும், அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு இழுப்பும் மரையைத்தான் தின்னும்.

11. ஊற்றி மட்டம் பாருங்கள்

கார் சமதரையில் மட்டமாக இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். புது ஆயில் டப்பாக்களைக் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தால் மெலிந்து வேகமாக இறங்கும். பானட் பக்கமிருந்து டியூபை இறக்கி, ஒரு முனையை ஃபில்லர் துவாரத்தில் இரண்டு விரற்கடை செருகி நழுவாமல் கம்பியால் கட்டுங்கள். மறு முனையில் புனல். கூட ஒரு ஆள் இருந்தால் நல்லது, ஒருவர் ஊற்ற ஒருவர் கீழே பார்க்கலாம்.

மெதுவாக ஊற்றுங்கள். சேர வேண்டிய அளவு நெருங்கும்போது இன்னும் மெதுவாக. துவாரத்தின் கீழ் விளிம்பில் ஆயில் வழியத் தொடங்கியதும் நிறுத்திப் பத்து நிமிடம் காத்திருங்கள். பல பெட்டிகளில் ஐந்தாவது கியர் ஓரத்தில் ஒரு தனி அறை மாதிரி இருக்கும், ஆயில் அங்கே போய்ச் சேர நேரமாகும். மட்டம் இறங்கியிருந்தால் இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள். மிஞ்சியது வழிந்து நின்ற பிறகு மூடுங்கள்.

வழிகிறது, ஆனால் ஊற்றியது கையேட்டின் அளவில் பாதிதான் என்றால்? கார் சாய்ந்திருக்கிறது, அல்லது டியூபில் வந்த ஆயில் உள்ளே போகாமல் திரும்பி வழிகிறது, அல்லது நீங்கள் திறந்தது வேறு துவாரம். மூடிவிட்டு ஓட்டாதீர்கள். பழைய ஆயில் எவ்வளவு வந்தது என்று அளந்து வைத்தது இப்போது உதவும்.

கூடுதலாக ஊற்றுவதும் தவறே. பற்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், அது பிரீதர் வழியாகப் பொங்கும், சீல்களைத் தள்ளும். சில பெட்டிகளில் மட்டத் துவாரமே கிடையாது, அளந்து ஊற்றுவதுதான் முறை. அப்படிப்பட்டவற்றில் கையேட்டின் மில்லிலிட்டரை அப்படியே பின்பற்றுங்கள்.

12. ஓட்டிப் பார்ப்பது

ஃபில்லர் போல்ட்டையும் புது வாசரோடு, அளவான இறுக்கத்தில் மூடிச் சுற்றிலும் துடைத்துவிடுங்கள். துடைத்து வைத்தால்தான் புதிய கசிவு கண்ணில் படும். இன்ஜினை ஓடவிட்டு, நின்ற இடத்திலேயே கிளட்ச்சை மிதித்து எல்லாக் கியரும் விழுகிறதா என்று பாருங்கள். பிறகு தெருவில் மெதுவாக ஒரு சுற்று. ஊளையிடும் சத்தம் புதிதாக வந்தால் உடனே நிறுத்தி மட்டத்தைப் பாருங்கள்.

கார் நிற்கும் இடத்தில் இரவு ஒரு செய்தித்தாளையோ அட்டையையோ விரித்து வையுங்கள். காலையில் சொட்டு விழுந்திருந்தால் எந்தப் போல்ட்டுக்கு நேர்கீழே என்பதும் அதிலேயே தெரியும். அடிக் கவரை இதன் பிறகே மாட்டுங்கள். முன்பே மாட்டினால் கசிவு கவருக்குள் தேங்கி ஒரு வாரம் மறைந்திருக்கும்.

முதல் நாளே வெண்ணெய் மாதிரி கியர் விழும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நல்ல நிலையில் இருந்த பெட்டியில் பெரிய வித்தியாசம் தெரியாது. தவறான ஆயில் ஓடிய பெட்டியில் சரியானதை ஊற்றினால்தான் மாற்றம் நன்றாகத் தெரியும்.

13. பழைய ஆயிலை ஒழிப்பது

சாக்கடையிலும் காலி மனையிலும் ஊற்றாதீர்கள். கரையான் வராது என்று மரச்சட்டத்தில் பூசவும் கொடுக்காதீர்கள். பயன்படுத்திய எண்ணெய் 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் வருவது, பதிவுபெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் போக வேண்டும். புது ஆயில் வந்த டப்பாவிலேயே ஊற்றி, மூடி, "பழைய கியர் ஆயில்" என்று எழுதி, பெரிய ஒர்க்ஷாப் எதிலாவது கொடுங்கள். அவர்களிடம் இதற்கென்று டிரம் இருக்கும், எடுத்துப்போக ஆளும் வருவார். பிரேக் ஆயில், கூலன்ட், பெட்ரோல் எதையும் அதோடு கலக்காதீர்கள். கலந்ததை அவர்கள் வாங்க மாட்டார்கள். எண்ணெய் ஊறிய துணியைக் குவியலாகச் சுருட்டி மூலையில் போடாமல் விரித்துக் காயவைத்து, அதையும் ஒர்க்ஷாப்பிலேயே சேர்த்துவிடுங்கள்.

மாற்றிய தேதி, கிலோமீட்டர், ஆயிலின் வகை, வடிந்த அளவு, ஊற்றிய அளவு எல்லாவற்றையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அடுத்த முறை இதைச் செய்பவர் வேறொருவராக இருந்தால், உள்ளே என்ன ஆயில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க அவருக்கு வேறு வழி கிடையாது.